எலும்பு கூடிவிட்டது, வேலை முடியவில்லை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பைக்கிலிருந்து விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு முறிந்தது. உள்ளே ராடு போட்டு, மேலும் கீழும் ஸ்க்ரூ முடுக்கினார்கள். ஏழு மாதம் ஆகிறது. கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு கூடிடுச்சு, இனி ரீமாடலிங்தான், அது பாட்டுக்கு நடக்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். காலின் முன்பக்கம் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்படுகிறது. அது போகுமா, ஓடலாமா, ராடை எடுக்க வேண்டுமா, கூடின இடம் முன்னைவிடக் கெட்டியாகிவிடும் என்று அண்ணன் சொல்வது உண்மையா என்று கேட்கிறீர்கள். கூடவே, போன வருடம் அம்மாவுக்கு மாற்றிய இடுப்பு மூட்டில் எலும்பு உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளுமா என்றும்.

எலும்பு அறுவை சிகிச்சை என் தொழில். "ரீமாடலிங்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற ஆள்தான் நானும். அதனால் உங்கள் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இங்கே நேரம் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன்.

எலும்பைக் கம்பி, சிமென்ட் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கும் வரை இது புரியாது. எலும்புக்கூடாக நாம் பார்ப்பது செத்துக் காய்ந்த எலும்பு. உடம்புக்குள் இருப்பதை வெட்டினால் ரத்தம் கசியும். அது மாறிக்கொண்டே இருக்கிற ஒன்று என்பது தெரியவந்த கதையே வேடிக்கையானது. 1736-ல் லண்டனில் ஜான் பெல்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் போடும் ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் வந்த பன்றி இறைச்சியில் எலும்பு மட்டும் சிவப்பாக இருந்தது. விசாரித்தால், மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் எடுத்த சிவப்புச் சாயம் ஊறிய தவிட்டை அந்தப் பன்றி தின்று வளர்ந்திருக்கிறது. சாயம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் புதிதாகப் படிகிற எலும்பெல்லாம் சிவந்துபோகும். பிறகு ஜான் ஹன்டர் போன்றவர்கள் வேண்டுமென்றே இந்தச் சாயத்தைத் தீனியில் கலந்தும் நிறுத்தியும் பார்த்தார்கள். எலும்பு ஒரு பக்கம் படிகிறது, இன்னொரு பக்கம் கரைகிறது என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இதற்குத்தான் ரீமாடலிங் என்று பெயர். உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் பகுதியில் இது வேகமாக நடக்கும், வெளியே இருக்கும் கெட்டியான ஓட்டில் மெதுவாக. முறிவே இல்லாத இடது காலிலும் இந்த நிமிடம் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அடிபட்ட இடத்தில் அதே வேலை பல மடங்கு மும்முரமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கெட்டி எலும்புக்குள் ஒரு சுரங்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. சுரங்கத்தின் முனையில் ஏறக்குறைய பத்து ஆஸ்டியோகிளாஸ்ட்கள். இவை இடிக்கிற செல்கள். ரத்த வெள்ளணுக் குடும்பத்திலிருந்து வந்தவை, பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவான பெரிய உருவங்கள். எலும்பின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, ஓரத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். தாது கரைந்ததும் மிச்சமிருக்கும் புரத நாரை நொதி கொண்டு அறுக்கும். நாள் முழுக்க இப்படிக் குடைந்தால் 40, 50 மைக்ரான் தூரம் முன்னேறலாம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதாவது ஒரு மில்லிமீட்டர் போக ஏறக்குறைய மூன்று வாரம். பின்னாலேயே ஒரு சின்ன ரத்தக்குழாய் வளர்ந்து வரும். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஆஸ்டியோபிளாஸ்ட்கள், கட்டுகிற செல்கள், சுரங்கச் சுவரில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வளையம் வளையமாகப் புது எலும்பைப் பூசிக்கொண்டு உள்நோக்கி வரும். பூச்சு நாளுக்கு ஒரு மைக்ரான் கணக்கில்தான் தடிக்கும். கடைசியில் நடுவில் ரத்தக்குழாய்க்கு மட்டும் வழி மிஞ்சும். பூசியவர்களில் சிலர் தாங்கள் பூசிய எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அங்கேயே காலம் தள்ளுவார்கள். அவர்களுக்கு ஆஸ்டியோசைட் என்று பெயர். அவர்கள் கதை அப்புறம் வரும்.

இதில் ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஓரிடத்தை இடிக்க மூன்று வாரம் போதும். அதே இடத்தைத் திரும்பக் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். கட்டியது முழுதாகத் தாது ஏறிக் கெட்டிப்பட இன்னும் பல மாதங்கள். எலும்பு சீக்கிரம் கரையும், மெதுவாகத்தான் திரும்பி வரும். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் இந்தக் கணக்குக்குள் எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் கால். முறிந்த அன்று உள்ளே ரத்தம் கட்டியது. வீக்கமும் சூடும் முதல் சில நாட்கள். அந்த வீக்கத்தைத் தண்டனையாகப் பார்க்கிறோம், ஆனால் பழுது பார்க்கும் செல்களைக் கூப்பிடுகிற சங்கு அதுதான். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்புமாக ஒரு மெத்தென்ற பிணைப்பு. அதன்மேல் கால்சியம் ஏறி, இரண்டாம் மூன்றாம் மாதங்களில் அது எலும்பாகிறது. இந்தப் புது எலும்புக் கட்டிக்குத்தான் கேலஸ் என்று பெயர். உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு அதுவே. அந்த எலும்பின் முன்பக்கம் தோலுக்கு அடியில் தசையே கிடையாது, அதனால்தான் தடவியதும் தெரிகிறது. இதே கேலஸ் தொடையில் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சிலருக்குக் கேலஸ் பெரிதாக வருகிறது, பிளேட் (எலும்பின் மேல் வைத்து ஸ்க்ரூ முடுக்கும் உலோகத் தகடு) போட்ட சிலருக்கு வருவதே இல்லை. ஏன்? இதற்கு ஸ்டெஃபான் பெரன் என்ற சுவிஸ் மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். முறிந்த இடைவெளியில் முதலில் வளரும் கொழகொழத் திசு, தன் நீளத்துக்குச் சமமாக இழுத்தாலும் அறுந்துபோகாது. குருத்தெலும்பு 10 சதவீதம் வரை தாங்கும். எலும்பு 2 சதவீதம்தான் தாங்கும். அதனால் அசைவு அதிகம் உள்ள இடத்தில் எலும்பு செல் வேலையைத் தொடங்கவே முடியாது. உடம்பு என்ன செய்கிறது? முதலில் கொழகொழத் திசுவை வைத்து அசைவைக் கொஞ்சம் குறைக்கிறது. குறைந்ததும் அங்கே குருத்தெலும்பு உயிர் வாழ முடிகிறது. அது இன்னும் இறுக்குகிறது. அதன் பிறகே எலும்பு. ஒவ்வொரு திசுவும் தனக்கு அடுத்து வருபவருக்கு இடத்தைத் தயார் செய்துவிட்டு ஒதுங்குகிறது.

ராடு எலும்பின் நடுக்குழலில் இருப்பதால், நடக்கும்போது முறிவில் ஒரு துளி அசைவு இருக்கும். அந்தத் துளி அசைவுதான் கேலஸை வரவழைக்கிறது. பிளேட் வைத்து இரண்டு முனைகளையும் அழுத்திப் பூட்டினால் அசைவே இருக்காது. அப்போது உடம்புக்குக் கேலஸ் போட வேண்டிய தேவை இல்லை. நான் மேலே சொன்ன சுரங்கங்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராகக் குடைந்துகொண்டு போய், தையல் போடுவது மாதிரி இரண்டையும் இணைத்துவிடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ராபர்ட் டானி 1949-ல் இதை எழுதினார். 1958-ல் சுவிட்சர்லாந்தில் சர்ஜன்கள் சேர்ந்து தொடங்கிய ஏ.ஓ. குழு அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு காலத்தில் கேலஸ் தெரிந்தாலே "ஆபரேஷன் சரியில்லை" என்று நினைத்த சர்ஜன்கள் இருந்தார்கள். இப்போது கேலஸைப் பார்த்தால் சந்தோஷப்படுகிறோம். இரண்டுமே எலும்பு கூடும் வழிதான். மோசமானது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது: பிளேட் போட்டும் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, அது அசைந்துகொண்டே இருப்பது. சின்ன இடைவெளியில் சின்ன அசைவுகூட சதவீதக் கணக்கில் மிகப் பெரியது. அதில் எதுவும் பிழைக்காது.

அசைவை அளந்து கொடுத்தால் எலும்பு எவ்வளவு தூரம் ஒத்துழைக்கும் என்பதற்கு இலிசாரோவ் ஒரு நல்ல சாட்சி. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் வேலை பார்த்த எலும்பு மருத்துவர். எலும்பை வெட்டி, ஒரு வாரம் போல் விட்டு, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம், அதையும் நான்கு தவணையாகக் கால் கால் மில்லிமீட்டராக, வளையச் சட்டத்தை வைத்து இழுத்தார். இடைவெளியில் புது எலும்பு வந்துகொண்டே இருந்தது. கூடுதல் வேகத்தில் இழுத்தால் வெறும் நார். குறைத்தால் சீக்கிரமே கூடிப் பூட்டிக்கொள்ளும்.

சரி, புடைப்புக்கு வருகிறேன். கேலஸ் ஏன் பழைய எலும்பைவிடத் தடிமனாக வருகிறது? ஆரம்பத்தில் போடப்படும் எலும்பு அவசரத்தில் போட்டது. நார்கள் கன்னாபின்னாவென்று கிடக்கும், தரம் குறைவு. தரம் குறைந்த பொருளை வைத்துப் பலம் கொண்டுவர ஒரே வழி, அதை நடு அச்சிலிருந்து தள்ளி வைப்பது. ஒரு தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 16 மடங்காகும். பொறியியல் படித்தவர்களுக்கு இது பாலபாடம். எலும்பு எந்தக் கல்லூரிக்கும் போகாமலே இதைச் செய்கிறது.

பிறகு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் சுரங்கக் குழுக்கள் உள்ளே புகுந்து அந்த அவசர எலும்பை எடுத்துவிட்டு, பாரம் போகிற திசையில் நார் அடுக்கிய நல்ல எலும்பைப் போடும். உள்ளே தரம் ஏற ஏற வெளியே தடிமன் தேவைப்படாது. புடைப்பு மெல்ல வழுவழுப்பாகித் தேயும். உங்கள் வயதில் அது முழுக்க மறையும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பெரும்பாலும் பாதியாவது குறையும், மிச்சம் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஏழு மாதம் என்பது இந்த வேலையில் ஆரம்ப கட்டம். தோல் கிழிந்தால் தழும்பு போட்டு ஒட்டுவதோடு உடம்பு விட்டுவிடும். எலும்பு அப்படி விடாது, பழைய எலும்பாகவே ஆகும்வரை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும்.

எங்கே இடிக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? மாட்டிக்கொண்டார்களே, அந்த ஆஸ்டியோசைட்கள். எலும்பில் உள்ள செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் அவர்களே. மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியே ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் காலை ஊன்றும்போது எலும்பு ஒரு நூலிழை வளையும். அந்த வளைவில் கால்வாய்களுக்குள் இருக்கும் திரவம் தள்ளப்பட்டு ஓடும். அந்த ஓட்டம்தான் அவர்களுக்குச் சேதி. ஓட்டம் இருந்தால், எலும்பு கட்டுவதைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அவர்கள் குறைத்துக்கொள்வார்கள், கட்டுமானம் நடக்கும். ஓட்டம் இல்லையென்றால் அந்தப் புரதம் கூடும், கட்டுவது நிற்கும், இடிப்பது தொடரும். இந்தப் புரதத்தை அடக்குகிற ஊசி மருந்து ஒன்றே எலும்புத் தேய்மானத்துக்கு வந்திருக்கிறது.

பாரத்துக்கும் எலும்பின் உருவத்துக்கும் உள்ள உறவு 1860-களிலேயே பிடிபட்டுவிட்டது. சூரிச்சில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியலாளர் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்து உள்ளே ஓடும் எலும்பு இழைகளைக் காட்ட, கார்ல் குல்மன் என்ற பொறியாளர் அதைப் பார்த்து அசந்துபோனார். பளு தூக்கும் கிரேனுக்கு அவர் போட்டுவைத்திருந்த விசைக்கோடுகள் அப்படியே அங்கே ஓடின. பெர்லினில் இருந்த ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் இதை விதியாக எழுதிவைத்தார். இன்றும் வோல்ஃப் விதி என்றுதான் சொல்கிறோம். டென்னிஸ் ஆடுபவர்களின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருப்பதும், விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் கரைவதும் இதே விதியின் இரண்டு பக்கங்கள். அவர்கள் ஆறு மாதத்தில் இழப்பது பூமிக்கு வந்து ஆறு மாதத்தில் திரும்புவதில்லை. இடிப்பது மூன்று வாரம், கட்டுவது மூன்று மாதம் என்ற கணக்கு அங்கேயும் விடுவதில்லை.

எலும்பு லேசாக வளைந்து கூடியிருந்தால், உள்வளைவுப் பக்கம் எலும்பு சேர்ந்து, வெளிவளைவுப் பக்கம் கரைந்து, மெல்ல நேராகப் பார்க்கும். குழந்தைகளில் இது கண்கட்டு வித்தை மாதிரி நடக்கும், ஏனென்றால் அங்கே வளர்ச்சித் தகடும், அதாவது எலும்பு நீளமாக வளரும் முனைப்பகுதியும், கூடச் சேர்ந்து உழைக்கிறது. எனக்கு ஒன்பது வயதில் மணிக்கட்டுக்கு மேலே முறிந்தது. நாற்பதைத் தாண்டி வேறு எதற்கோ இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்தபோது எந்தக் கை முறிந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பெரியவர்களுக்கு இந்தச் சலுகை மிகக் குறைவு. திருகி, அதாவது பாதம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக் கூடியிருந்தால் குழந்தைகளுக்கே அது அவ்வளவாகச் சரியாகாது. அதனால்தான் ஆபரேஷன் மேசையில் நாங்கள் நீளத்தைப் பார்ப்பதைவிடப் பாதம் பார்க்கும் திசையை அதிகம் பார்க்கிறோம்.

அடுத்தது உலோகம். போன வருடம் ஒருவருக்கு முன்கையிலிருந்து பிளேட்டை எடுத்தேன், போட்டு நான்கு வருடமாகியிருந்தது. திறந்தால் பிளேட்டைக் காணோம். இரண்டு ஓரத்திலும் எலும்பு உதடு மாதிரி மேலேறி மூடியிருந்தது. சின்ன உளியால் சீவிச் சீவித்தான் ஸ்க்ரூ தலைகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிளேட்டைத் தூக்கியதும் அதன் அச்சு அப்படியே எலும்பில் பதிந்திருந்தது. சுற்றிலும் தந்த நிறம். பிளேட்டுக்கு அடியில் மட்டும் வெளிறி, ஊசிமுனைத் துளைகளோடு. நகத்தால் கீறினால் கோடு விழும் போலிருந்தது. பாரத்தை எஃகு வாங்கிக்கொண்டால் எலும்புக்கு வேலை இல்லை. எஃகின் விறைப்பு கெட்டி எலும்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு, டைட்டானியம் ஐந்தாறு மடங்கு. கூடவே, பிளேட் அழுத்திய இடத்தில் எலும்பின் மேலுறையில் ரத்த ஓட்டமும் நின்றுபோகும்; அதுவும் ஒரு காரணம். அதனால்தான் இப்போதைய பிளேட்களின் அடிப்பக்கம் எலும்பை முழுக்கத் தொடாதபடி குடைந்து செய்கிறார்கள்.

ராடு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. எலும்பின் அச்சிலேயே இருப்பதால் பாரத்தை எலும்போடு பங்கு போட்டுக்கொள்கிறது. போடும்போது நடுக்குழலைக் குடைவதால் உள்பக்க ரத்தக்குழாய்கள் அறுபடும் என்பது உண்மை, சில வாரங்களில் அவை திரும்ப வளர்ந்துவிடும்.

ராடை எடுக்கலாமா? உங்கள் இடத்தில் நான் இருந்தால், தொந்தரவு இல்லாதவரை எடுக்க மாட்டேன். முழங்கால் முன்பக்க வலி, தோலுக்கடியில் ஸ்க்ரூ உறுத்துவது, கிருமி பிடிப்பது, இவைதான் நல்ல காரணங்கள். முழங்கால் வலிக்காக எடுத்தால் வலி நிச்சயம் போகும் என்றும் நம்பிவிட வேண்டாம். பலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது. எடுப்பதென்றாலும் போட்டு ஒன்றரை வருடமாவது ஆகட்டும். எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் வெற்றாக இருக்கும். ஓட்டை விழுந்த குழாயைத் திருகினால் ஓட்டை வழியேதான் விரியும். அவை புது எலும்பால் நிரம்பும் வரை, சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதம் வரை, குதிப்பது, திருகுவது, கால்பந்து எல்லாம் கிடையாது. பிளேட் எடுத்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதல். எடுத்த மறுநாளே வலியில்லாமல் நடக்க முடிவதால் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. உலோகம் எலும்புக்குப் பலம் தருகிறது என்பதைவிட, அவகாசம் தருகிறது என்பதே சரி. சாதாரணமாக நடமாடுகிற ஒருவர் வருடத்தில் ஒரு காலை சுமார் பத்து லட்சம் முறை ஊன்றுகிறார். ஒவ்வொரு ஊன்றலும் உலோகத்தைக் கொஞ்சம் களைக்க வைக்கும், உலோகத்துக்குத் தன்னைத் தானே பழுது பார்க்கத் தெரியாது. எலும்புக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பந்தயம் இது. எலும்பு கூடாமல் இழுத்துக்கொண்டே போனால் என்றாவது ஒரு நாள் ஸ்க்ரூவோ ராடோ முறியும். அப்படி முறியும்போது, "மட்டமான ராடு போட்டுட்டாங்க" என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் குற்றவாளி ராடு அல்ல, கூடாத எலும்பு.

ஓடலாமா என்று கேட்டீர்கள். நடப்பதற்குப் பயப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், ஓட ஆசைப்படுகிறவர்களை அல்ல. உங்கள் டாக்டர் முழு பாரம் ஊன்றலாம் என்று சொல்லிவிட்டால் ஊன்றுங்கள். காலைத் தூக்கி வைத்துப் பார்த்துப் பார்த்துப் பாதுகாப்பது எலும்புக்குச் செய்யும் கெடுதல். பறவைகளின் இறக்கை எலும்பில் 1984-ல் வெளிவந்த ஒரு சோதனையில், நாளுக்கு 36 முறை மட்டும் பாரம் கொடுத்து எடுத்ததற்கே எலும்பு தடித்தது. மொத்தம் ஒன்றிரண்டு நிமிட வேலை. 1800 முறை கொடுத்துப் பார்த்தபோது அதற்கு மேல் லாபம் இல்லை. எலும்புக்கு வேண்டியது ஏறி இறங்குகிற பாரம், கொஞ்ச நேரம், இடைவெளி விட்டு. ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருப்பது இதில் சேராது. ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் நடந்து மறுநாள் படுத்துக்கிடப்பதைவிட, மூன்று வேளையும் பதினைந்து நிமிடம் நடப்பதும், படி ஏறுவதும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும்போது ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவதும் மேல்.

ஓட்டத்துக்கு நான் பார்ப்பது இவை: முறிந்த இடத்தில் அழுத்தினால் வலி இருக்கக் கூடாது, அந்தக் காலில் மட்டும் நின்று லேசாகக் குதித்தால் வலி வரக் கூடாது, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது எலும்பு பாலம் போட்டிருக்க வேண்டும். கெண்டைச் சதையும் ஓரளவு திரும்பியிருக்க வேண்டும். சதை இல்லாத காலில் ஓடினால் அதிர்ச்சியெல்லாம் நேராக எலும்புக்குப் போகும்.

சாப்பாடு, மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள். போதுமான புரதம், கால்சியம், வைட்டமின் டி குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வது, இவ்வளவுதான். குறைபாடு இல்லாதவருக்குக் கால்சியம் மாத்திரை கூடுதலாகக் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடுவதில்லை. சிகரெட்தான் பெரிய வில்லன். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, கட்டுகிற செல்களையும் மந்தப்படுத்தி, கூடுவதைத் தள்ளிப்போடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் அப்படியே. அப்புறம், எலும்புத் தேய்மானத்துக்காகப் பல வருடம் பிஸ்பாஸ்போனேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு இடிக்கிற செல்கள் அடங்கிப்போவதால் பழுது பார்ப்பதும் மந்தமாகி, அபூர்வமாகத் தொடை எலும்பில் அடிபடாமலே முறிவு வருவதுண்டு. அதற்காக அந்த மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம், அது தடுக்கும் முறிவுகள் மிக அதிகம். இடிப்பும் கட்டுமானமும் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன்.

அண்ணன் சொன்னது பாதி உண்மை. கேலஸ் தடிமனாக இருக்கும் ஒரு கட்டத்தில் அந்த இடம் சுற்றியுள்ள எலும்புக்கு ஈடுகொடுக்கலாம். சுற்றியுள்ள எலும்பு பல மாதம் சும்மா இருந்து இளைத்திருப்பதும் அதற்குக் காரணம். ரீமாடலிங் முடிந்தால் அது மற்ற இடம் மாதிரிதான் இருக்கும். முன்னைவிடப் பலம் என்று எண்ணி எதையும் செய்ய வேண்டாம்.

அம்மாவின் இடுப்பு. சிமென்ட் வைத்துப் பதித்திருந்தால் அங்கே ஒட்டுதல் எதுவும் இல்லை. சிமென்ட் எலும்பின் இண்டு இடுக்கில் புகுந்து கவ்விப் பிடிக்கிறது. சிமென்ட் இல்லாத வகை என்றால், தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டின் மேல்பக்கம் சொரசொரப்பாக, துளைகளோடு இருக்கும். இறுக்கமாக அடித்து இறக்கிய தண்டு 50 மைக்ரானுக்கு மேல் அசையாமல் இருந்தால் முதல் சில மாதங்களில் எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். 150 மைக்ரானைத் தாண்டி அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்தான் வரும், மேலே சொன்ன அதே கதை. டைட்டானியத்தோடு எலும்பு இப்படி நேராகப் பிணையும் என்பதைக் கண்டவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், 1950-களில் முயல் எலும்பில் வேறு எதையோ ஆராயப்போய். ஒரு வருடம் கடந்து வலியில்லாமல் நடக்கிறார் என்றால் அம்மாவுக்குப் பிணைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேல்முனை கொஞ்சம் இளைத்திருந்தால் பயப்பட வேண்டாம், பாரம் தண்டு வழியே கீழே போய்விடுவதால் வருவது அது.

மூட்டு மாற்றியவர்களுக்கு நீண்ட காலத்தில் வேறொரு விதத்தில் எலும்பு கரையலாம். மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிவிட்டு ஜீரணிக்க முடியாமல் இடிக்கிற செல்களை உசுப்பிவிடும். தண்டைச் சுற்றி எலும்பு பொந்து விழுந்து மூட்டு ஆட்டம் கொடுக்கும். 1990-களின் கடைசியில் வந்த, மூலக்கூறுகளைக் குறுக்குப் பிணைப்பால் இறுக்கிய பிளாஸ்டிக்கில் தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் வலி இல்லை என்று செக்கப்புக்குப் போகாமல் இருக்க வேண்டாம். இந்தக் கரைதல் வலி காட்டாமலே பல வருடம் போகும்.

உங்கள் காலுக்குத் திரும்புகிறேன். எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? ஊன்றும்போது முறிந்த அதே இடத்தில் வலி குறைந்துகொண்டே வந்து மறுபடி ஏற ஆரம்பித்தால். அந்த இடம் சூடாக, சிவப்பாக இருந்தாலோ கசிந்தாலோ. அல்லது "டக்" என்று ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தால். ஒன்பது மாதம் கடந்தும், கடைசி மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால்தான் கூடாத முறிவு என்று பொதுவாகச் சொல்கிறோம். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை, டாக்டர் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இப்போதைய எக்ஸ்ரேயை பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது புடைப்பின் ஓரம் பஞ்சு மாதிரி, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருக்கும். அடுத்ததில் அது பென்சிலால் கோடு கிழித்தது போலத் தெளிவாகியிருக்க வேண்டும். முறிவுக் கோடு இருந்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தால் இன்னும் நல்லது.